நான் பூஜ்யம் என்று கையெழுத்துப் போட்ட காலை

வினாத்தாளைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். பள்ளிக்கூடத்திலிருந்தே வந்த பழக்கம். அன்றும் அப்படித்தான் செய்தேன். நாற்பது கேள்விகள். முதல் பன்னிரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். இருபது வரை யோசித்தால் வரும். இருபத்தைந்துக்கு மேல் அந்த ஜெர்மன் வாக்கியங்களுக்கும் எனக்கும் வெறும் முகப்பழக்கம்தான். மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். பதினைந்துக்கு மேல் எடுத்தால் இரண்டாம் நிலை வகுப்பு. நான் அங்கேதான் போய் விழுவேன்.

அந்த வகுப்புக்கு வேறு யாரெல்லாம் வருவார்கள் என்பதை வராந்தாவிலேயே பார்த்திருந்தேன். தனியார் வகுப்புகளுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவர்கள். ஒருத்தி போனில் யாருடனோ ஜெர்மனிலேயே பேசி, ஜெர்மனிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நன்றாக இல்லை.

அப்போதுதான் தாளின் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். பதிவு எண் எழுதும் இடத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். இந்த மொழியை இதற்கு முன் கற்றதே இல்லை என்றால் அதில் டிக் போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டு, தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். தேர்வு எழுத வேண்டாம். நேராக முதல் நிலை. அ, ஆவிலிருந்து.

எல்லோரும் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டத்தான் தேர்வில் தப்புச் செய்வார்கள். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்வதற்கு யார் காவல் இருக்கப் போகிறார்கள்? இந்த யோசனை வந்ததற்கும் என் கை நகர்ந்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருந்திருக்காது. டிக் போட்டேன். கையெழுத்தும் போட்டேன், வழக்கத்தைவிட அழகாக.

எழுந்திருக்கும்போது பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். அவள் பேனா அதே கட்டத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் பார்வை என் தாளில் இருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து அவளும் வெளியே வந்தாள்.

மலையாளமே கேட்டுக்கொண்டிருந்த அந்த வராந்தாவில், "நீங்க தமிழா?" என்றாள்.

"எப்படித் தெரிஞ்சது?"

"உள்ள போகுமுன்ன அம்மைகிட்ட போன்ல பேசினீங்கல்லா. 'வெச்சுடறேன், வெச்சுடறேன்'னு நாலு மட்டம் சொல்லியும் வைக்கல."

சிரித்துவிட்டேன். என் அம்மாவுக்கு அன்று காலை முழுக்க ஒரே குழப்பம். பல்கலைக்கழகத்தில் 'பிளேஸ்மென்ட் டெஸ்ட்' என்றால் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்றுதான் கரமனையில் எங்கள் தெருவே நினைக்கும். எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்கும் தேர்வு இது என்று எத்தனை தரம் சொன்னாலும், "அப்போ சம்பளம் எவ்வளவுன்னு அவாளே சொல்லுவாளா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க டிக் போட்டதப் பாத்துதான் எனக்குத் தைரியம் வந்துச்சு" என்றாள் அவள். "எல்லாரும் குனிஞ்சு எழுதிட்டு இருக்காங்க. நான் மட்டும் ஒண்ணுமே தெரியாதுன்னு எப்படிப் போடன்னு வெக்கமா இருந்துச்சு. பாத்தா, பக்கத்துல நீங்க சட்டுன்னு போட்டுட்டு எந்திக்கீங்க."

அவள் வேதியியல் முதுகலை. நான் பொருளாதாரம். எனக்கு இந்த மொழிப் பாடம் மதிப்பெண் பட்டியலில் கூடுதலாக ஒரு வரி, அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை. ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில் ஆறு மாதம் வேலை செய்ய அவளுடைய பேராசிரியர் அவள் பெயரைக் கொடுத்திருந்தார். அதற்கு இரண்டு நிலைகள் தேறியிருக்க வேண்டும். முதல் நிலையை இந்தப் பருவத்தில் முடிக்காவிட்டால் அடுத்த நிலைக்கு நேரம் இருக்காது, பெயர் வேறு ஒருவருக்குப் போய்விடும். இதையெல்லாம் அந்த வராந்தாவில், முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டாள்.

"ஒரே நாள்ல தொடங்குதோம். ஒண்ணாவே படிப்பம், என்ன?" என்றாள்.

"பின்னே?" என்றேன்.

உண்மையில் நான் தொடங்கியது எட்டாம் வகுப்பில். நான் படித்த பள்ளியில் மூன்றாவது மொழியாக ஜெர்மன் இருந்தது. மூன்று வருடம் படித்தேன். பத்தாம் வகுப்போடு விட்டேன். எதையும் நான் அப்படித்தான் விட்டிருக்கிறேன். வயலின் ஒன்றரை வருடம், செஸ் ஒரு வருடம், போனில் ஜப்பானிய மொழி நாற்பது நாள். ஆரம்பம் எல்லாவற்றிலும் எனக்குக் குதிரைப் பாய்ச்சல். நடுவில் எங்கோ, மற்றவர்கள் நிதானமாக வந்து சேர்ந்துகொள்ளும் இடத்தில், எனக்கு வேறு ஏதோ ஆசை வந்துவிடும். மதிப்பெண்ணுக்காக டிக் போட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. ஆரம்பத்தில் எனக்குக் கிடைக்கும் அந்த வியப்பு, 'அட, இவளா!' என்று மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பது, அது எனக்கு இன்னொரு முறை வேண்டியிருந்தது.

கிடைத்தது.

முதல் நிலை வகுப்பில் முப்பது பேர். அதில் டிக் போட்டவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் தேர்வு எழுதிக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள். எங்கள் டீச்சர் நாற்பது வயதுக்காரர், வேகமாக நடப்பவர், வேகமாகப் பேசுபவர். முதல் நாளே எங்கள் ஆறு பேரையும் முன்வரிசைக்கு அழைத்து உட்கார வைத்தார்.

"இந்த ஆறு பேராணு என்றெ தெர்மாமீட்டர், கேட்டோ" என்றார் மற்ற மாணவர்களிடம், மலையாளத்தில். நாங்கள்தான் அவருடைய வெப்பமானியாம்.

அவர் வேலை செய்யும் முறை அது. தேர்வு எழுதியவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்கும், யாருக்கு எது என்று கண்டுபிடிக்க முடியாது. டிக் போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது நிச்சயம். அதனால் அவர்களுக்கு ஒரு பாடம் எத்தனை நாளில் புரிகிறதோ அதுதான் அந்தப் பாடத்துக்குச் சரியான நேரம். சுத்தமான பூஜ்யங்களை வைத்து வகுப்பின் வேகத்தை அளப்பார். நியாயமான முறைதான். பூஜ்யம் பூஜ்யமாக இருந்திருந்தால்.

முதல் வாரம் எண்கள். டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் திறந்துவிடும். இரண்டாம் வாரம் உங்களைப் பற்றி ஐந்து வரி பேசுங்கள் என்றார். நான் ஒன்பது வரி பேசினேன். அவ்வப்போது வேண்டுமென்றே ஒரு பிழை விடவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போவேன். எழுந்து நின்றதும் மறந்துவிடும். டீச்சர் கையைத் தட்டி, "மிடுக்கி!" என்பார். கெட்டிக்காரி. அந்தச் சொல் என் காதில் விழும்போது முதுகுத் தண்டு நிமிர்வதை என்னாலேயே உணர முடிந்தது.

நான்காம் வாரம் அவர் இரண்டு பாடங்களை ஒன்றாக்கினார். "பூஜ்யத்திலிருந்து வந்த இந்தக் குட்டிக்கு இவ்வளவு சீக்கிரம் வருதுன்னா உங்களுக்கெல்லாம் வரணும்" என்று மலையாளத்தில் எல்லோரையும் விரட்டினார். இறந்தகாலத்துக்குள் போய்விட்டோம். தேர்வு எழுதி வந்தவர்களே திணறினார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன், "எடோ, இவள் ஜெர்மன் சாரன் ஆணு" என்றான். உளவாளியாம். வகுப்பே சிரித்தது.

என் பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை. திரும்பி மலையாளத்தில் அவனோடு சண்டைக்கே போனாள். "சும்மா பேசாதே. இவள் டிக் போட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள்."

என் பொய்க்கு ஒரே சாட்சி அவள்தான். அந்தச் சாட்சி எனக்காக வாதாடியது. நான் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். குடித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் நாங்கள் ஒருமைக்கு வந்திருந்தோம். அவள் என்னை 'ஏட்டி' என்பாள். அவள் குடும்பத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். அப்பா கழக்கூட்டத்தில் எழும்பிக்கொண்டே இருக்கும் அடுக்குமாடிகளில் டைல்ஸ் போடுகிறவர். அம்மாவுக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அவள் படித்தது முழுக்க மலையாளம்வழிப் பள்ளி. வேதியியலில் அவள் ஒரு சூத்திரத்தைப் பிரித்துக் காட்டினால் பொருளாதாரக்காரி எனக்கே புரியும், அவ்வளவு நிதானம். ஆனால் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுகிற அந்த முன்வரிசையில் நிதானத்துக்கு ஏது இடம்?

ஐந்தாம் வாரம் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கேட்டாள். "ஏட்டி, நீ எப்படித்தான் படிக்க? மறைக்காம சொல்லு."

அங்கே சொல்லியிருக்கலாம். கேள்வியே 'மறைக்காம' என்றுதான் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். அந்த நிமிடத்தில், அந்த நிறுத்தத்தில்.

"ஆத்துல இருக்கற எல்லா சாமான்லயும் பேர் எழுதி ஒட்டிடு. பாத்துண்டே இரு. தன்னால வந்துடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாள். தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில் வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. கதவைத் திறந்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. கதவில் சீட்டு. நிலைக்கண்ணாடியில் சீட்டு. மின்விசிறியின் சுவிட்சில், தண்ணீர்க் குடத்தில், அடுப்பில், எண்ணெய் பாட்டிலில், சாமி படத்தின் சட்டத்தில். மழைக்காலம், ஈரத்தில் பசை விட்டுச் சில சீட்டுகள் தலைகீழாகத் தொங்கின. விழுந்தவற்றை அவள் திரும்ப எழுதி ஒட்டியிருந்தது மையின் நிற வேறுபாட்டில் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் அவளுடைய குண்டுக் கையெழுத்து.

"வாம்மா, வா. நீதான் இந்தச் சீட்டு வைத்தியத்தச் சொன்ன பிள்ளையா?" என்றாள் அவள் அம்மா. "உப்பு எதுல இருக்கு, சீனி எதுல இருக்குன்னு எனக்கே இப்ப சந்தேகம் வந்துட்டு. நேத்து சாம்பார்ல சீனியப் போட்டுட்டேன்."

"அதுக்குச் சீட்டு காரணமில்ல" என்றார் அவள் அப்பா, தரையில் உட்கார்ந்து தன் வேலைப் பையைப் பிரித்துத் துடைத்துக்கொண்டே.

தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் அவருடைய ரசமட்டத்திலும் ஒரு சீட்டு இருந்தது. எழுதாத வெற்றுச் சீட்டு.

"அதுக்கு ஜெர்மன்ல என்னன்னு தெரியல. டீச்சர்ட்ட கேக்கணும்" என்றாள் அவள்.

நான் அந்த ரசமட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர், நடுவே ஒரு குமிழி. தரையில் வைத்தால் குமிழி கோட்டுக்கு நடுவில் வந்து நின்றது. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "இதுவே தப்பாக் காட்டினா என்ன மாமா பண்ணுவேள்?"

"மட்டமே கோணலாயிருந்தா?" அவர் சிரித்தார். "அப்ப நாம போட்ட தரை பூரா கோணல்தான். ஆனா அது நமக்குத் தெரியாது பாத்தியா. வீட்டுக்காரன் தண்ணி ஊத்திக் கழுவும்போதுதான் தெரியும். தண்ணி ஒரு மூலைல போயி நிக்கும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சாப்பாட்டை நான் பாதியில் வைத்தேன். "பிடிக்கலியா?" என்று அவள் அம்மா மூன்று முறை கேட்டாள்.

அவ்வளவு சீட்டுகளும் பொருள்களின் பெயர்கள். வகுப்பிலோ அப்போது நேற்று என்ன செய்தாய், போன விடுமுறைக்கு எங்கே போனாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்பு, குடம், கதவு எதுவும் அவளுக்கு அங்கே உதவவில்லை. அவளைப் பின்னால் தள்ளியதும் நான், பின்னால் நின்றவளுக்குத் தப்பு வழி காட்டியதும் நான்.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். திங்கள் சொல்லலாம் என்று இருந்தேன். திங்கள் வேறு ஏதோ வந்தது. சனிக்கிழமை டீச்சர் எங்களைக் கல்லாற்றுக்கு அழைத்துப் போனார். பொன்முடி மலைக்குக் கீழே ஆற்றங்கரை. அங்கே ஒரு மணி நேரம் ஜெர்மன் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது என்பது நிபந்தனை. பெரும்பாலானோர் அந்த ஒரு மணி நேரமும் சைகையில்தான் பேசினார்கள். ஒருவன் பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜி வாங்க விமானம் ஓட்டுவதுபோல் ஏதோ நடித்தான். கடைக்காரர் பயந்துபோய் மூன்று கொடுத்தார்.

பக்கத்துக் கடையில் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாவுக்கு மலைப்பாதை வளைவுகளில் வந்த தலைசுற்றல். கணவரிடம் முணுமுணுத்தது ஜெர்மன். எனக்குக் காது விடைத்தது. நிறுத்திக்கொண்டிருக்கலாம். எழுந்து போய், எலுமிச்சை சோடாவில் உப்புப் போட்டுக் குடித்தால் சரியாகிவிடும் என்று ஜெர்மனில் சொன்னேன். அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு ஊக்கம் கூடிவிட்டது. பத்து நிமிடம். எங்கிருந்து வருகிறீர்கள், கோவளம் பார்த்தீர்களா, மழை இப்படித்தான் வரும், குடை வாங்கிக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து உள்ளே கிடந்த சொற்களெல்லாம் வரிசையில் நின்று வந்தன. டீச்சர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அவள் ஆற்றங்கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றித் தண்ணீரில் கால் விட்டிருந்தாள். ஜெர்மன் மட்டும் பேசவேண்டிய நேரம் இன்னும் முடியவில்லை. ஆனால் அவள் தமிழில்தான் பேசினாள்.

"ஆறு வாரத்துல ஒரு மனுஷிக்கு இவ்வளவு வருமாட்டி?"

அந்தக் குரலில் துளி சந்தேகம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். இல்லை. அதில் இருந்தது வியப்பு மட்டும்தான். டிக் போட்ட அன்று எது வேண்டும் என்று நினைத்தேனோ அதுவேதான், முழுசாக.

செவ்வாய்க்கிழமை கட்டுரைத் தேர்வின் தாள்கள் வந்தன. நேற்றைய நாளைப் பற்றிப் பத்து வாக்கியம். எனக்குப் பத்துக்குப் பத்து. அவளுக்கு நான்கு. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அலுவலகத்துக்குப் போய் ஒரு படிவத்தோடு வந்தாள். பாடத்திலிருந்து விலகுவதற்கான படிவம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

"விட்டுருதேன்" என்றாள். "தோத்த மார்க்கு பட்டியல்ல ஏறுறதுக்கு இது மேலு."

"லேப்?"

"சாருட்ட சொல்லணும். வேற யாராவது போவாங்க." கொஞ்ச நேரம் படிவத்தின் ஓரத்தைச் சுருட்டினாள். "கஷ்டமான பாடம்னா போராடலாம்ட்டி. ஒரே நாள்ல, ஒரே எடத்துல, ஒரே மாதிரி டிக் போட்டோம். ஒனக்கு வருது. அப்ப பாடத்துல ஒண்ணுமில்ல, என் தலைலதான் ஏதோ கொறை. அது தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

புதன்கிழமை டீச்சரின் அறைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். கதவைத் தட்டும்போதே முதல் வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும், "வா, மிடுக்கி" என்று அவர் நாற்காலியைக் காட்டினார். அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. பதிலாக, உங்கள் வேகம் கொஞ்சம் அதிகமோ, என் தோழி விலகப் போகிறாள் என்று ஏதோ சுற்றிவளைத்தேன்.

டீச்சர் கவலையோடுதான் கேட்டார். கெட்ட மனுஷி இல்லை. "அந்தக் குட்டி நல்லா உழைக்கறவதான்" என்றார் மலையாளத்தில். "எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வேகம் அதிகம்னு எப்படிச் சொல்றது? நீயும் பூஜ்யத்திலிருந்துதானே வந்தே? உன்னால முடியுதே. சிலருக்கு மொழி வராது மோளே. நாம் ஒண்ணும் பண்ண முடியாது."

 அவளைப் பற்றிய தீர்ப்பு அங்கே எழுதியாகிவிட்டது. அதற்கு ஆதாரம் நான். நாற்காலியிலிருந்து எழுந்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றியையும் ஜெர்மனில்தான் சொன்னேன். நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் பீரோவின் மேல்தட்டைக் குடைய ஆரம்பித்தேன்.

"என்னடி தேடறே?" என்றாள் அம்மா.

"என்னோட பழைய ஜெர்மன் நோட்டு."

"அதான் போறும் போறும்னு பத்தாங்கிளாஸ்லயே தூக்கிப் போட்டியே. பேப்பர்காரனுக்குப் போட மனசு வராம நான்தான் எடுத்து வெச்சேன். மூணு வருஷம் ஃபீஸ் கட்டிருக்கோம், கேட்டியா" என்று தன் ஆல்பங்களுக்கு அடியிலிருந்து மூன்று நோட்டுகளை உருவிக் கொடுத்தாள். "இப்போ எதுக்கு?"

"காட்டணும்மா, ஒருத்திக்கு."

ஒன்பதாம் வகுப்பு நோட்டில் இருந்தது நான் தேடியது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் எழுதிய பயிற்சி. நேற்றைய நாளைப் பற்றிப் பத்து வாக்கியம். அதே தலைப்பு. சிவப்பு மையில் கோடுமேல் கோடு. ஓரத்தில் வட்டம் போட்டு மூன்று. பத்துக்கு மூன்று. ஜெர்மன் தொடங்கி ஒன்றரை வருடம் ஆன பிறகு நான் வாங்கியது. எனக்கு அது மறந்தே போயிருந்தது. நான் எதிலும் குதிரைப் பாய்ச்சல் என்று எனக்கே ஒரு கதை சொல்லி வைத்திருந்தேன் இல்லையா, அந்தக் கதையில் இந்தப் பக்கம் இல்லை.

இன்று வியாழக்கிழமை. மதியம், அவளை உணவகத்துக்குப் பின்னாலிருக்கும் சிமென்ட் பெஞ்சுக்கு அழைத்துப் போனேன். நோட்டைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். அவள் முதலில் மதிப்பெண்ணைப் பார்த்தாள். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பள்ளியின் முத்திரை, வகுப்பு, என் பெயர். 

"நான் அன்னிக்குப் போட்ட டிக் பொய்டி" என்றேன். "மூணு வருஷம் படிச்சிருக்கேன். சீட்டு ஒட்டற முறையும் பொய். நான் ஒரு சீட்டுகூட ஒட்டினதில்ல."

அவள் நோட்டை மறுபடி திறந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். வேதியியல்காரி, ஆதாரத்தை முழுதாகப் பார்க்காமல் பேச மாட்டாள். பிறகு தன் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, என் நோட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"ஒன்றர வருஷத்துல மூணு" என்றாள். "ஆறு வாரத்துல நாலு."

"ஆமா."

"அப்ப நான் இந்த ஆறு வாரமா எதைப் பாத்து அழுதேன்?"

நான் தலைகுனிந்துகொண்டேன்.

"எங்க அம்ம சாம்பார்ல சீனியப் போட்டது?"

"சும்மா."

நோட்டை மூடி என் முழங்காலில் ஓங்கி அடித்தாள். வலித்தது. இன்னும் இரண்டு அடி அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஏட்டி, அந்தச் சீட்டு பூராவும் நீதான் வந்து கிழிக்கணும். ஒண்ணு விடாம. பச, தடம் எதுவும் இருக்கக் கூடாது."

"கிழிக்கறேன்."

"சாமி படத்துல ஒட்டினத எங்கப்பா எடுக்கச் சொல்லி, நான் சண்ட போட்டேன் தெரியுமா?" அவள் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, படிவத்தைக் கிழித்துவிடு என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை என்று இப்போது தோன்றுகிறது.

"எதுக்குக் கிழிக்கணும்?" என்றாள். "எனக்கு இப்பத் தெரிஞ்சிட்டு, சரி. டீச்சருக்கு? நாளைக்கும் ஒம்மூஞ்சியப் பாத்துத்தான பாடம் நடத்துவாங்க? இன்னும் ரெண்டு பாடத்த ஒண்ணாக்குவாங்க. நான் பின்னாடியே ஓடணும். என்கிட்ட சொல்லிட்டா ஒனக்கு மனசு லேசாகும், எனக்கு மார்க்கு வருமா?"

 எனக்கு மனசு லேசாகவில்லை.

"நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் இது என் பையில இருக்கும்" என்று படிவத்தை மடித்து வைத்துக்கொண்டாள். "நீ என்ன பண்ணுதேன்னு பாத்துட்டுத் தீர்மானிக்கேன்."

எழுந்து நாலடி போனவள் திரும்பி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு நோட்டைக் கேட்டாள். "டீச்சர்ட்ட காட்டணும்னா?" என்றேன். "இல்ல. ஒன்றர வருஷத்துல நீ என்னென்ன தப்பு விட்டன்னு பாக்கணும். நான் விடுத அதே தப்பான்னு." எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் கையில் எட்டாம் வகுப்பு நோட்டும் பத்தாம் வகுப்பு நோட்டும் இருக்கின்றன. ஆதாரத்துக்கு அவை போதும்.

பேருந்தில் வரும்போது, பொய்க் கையெழுத்துக்கு என்ன தண்டனை என்று பல்கலைக்கழக விதிகளைப் போனில் தேடினேன். தெளிவாக எதுவும் கிடைக்கவில்லை. இந்தப் பருவத்தில் இந்தப் பாடமே எனக்கு இல்லாமல் போகலாம். டீச்சர் இனிமேல் என்னை அந்தச் சொல்லால் கூப்பிட மாட்டார், அது மட்டும் நிச்சயம்.  அவளுடைய ஆறு மாத ஆய்வகத்தை ஒரு பக்கமும் என் 'மிடுக்கி'யை இன்னொரு பக்கமும் வைத்து இன்னமும் என் மனசு எடைபோட்டுப் பார்க்கிறது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாளை வகுப்பு பத்தரைக்கு. நான் ஒன்பதே முக்காலுக்கு டீச்சர் அறைக்கு வெளியே நிற்பேன். இந்த முறை முதல் வாக்கியத்தைத் தயார் செய்யப் போவதில்லை. உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே நோட்டுகளை மேசைமேல் வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டி முடித்தபின், அந்த நாற்பது கேள்வித் தாளை எனக்குத் திரும்பக் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தெரிந்ததைத் தெரியும் என்று எழுத வேண்டும். இருபத்தைந்தாம் கேள்விக்கு மேல் தெரியாததைத் தெரியாது என்று விட வேண்டும். இரண்டாம் நிலையில் கடைசி பெஞ்சு காலியாக இருந்தால் அங்கே போய் உட்கார வேண்டும். முதல் நிலையின் முன்வரிசையில் ஐந்து பேர் இருப்பார்கள். அவர்கள் வேகத்துக்கு டீச்சர் பாடத்தைத் திரும்ப அளக்க வேண்டும், இறந்தகாலத்துக்கு முன்னாலிருந்து. இதை அவரிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு வருமா தெரியவில்லை.

பேனா இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். தாள் கைக்கு வந்தால் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்க்கக் கூடாது. முதல் கேள்வியிலிருந்து எழுத ஆரம்பிக்க வேண்டும்.